பாடம் 9: நெஞ்சகம் காப்போம்

புணே நகரின் ஏரவாடாவில் ஆகாகான் மாளிகை அமைந்துள்ளது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது, 1942 ஆகஸ்ட் 9ஆம் நாள் கைதான காந்தியடிகள் இம்மாளிகையில்தான் சிறைவைக்கப்பட்டார். அவருடைய செயலாளராக இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய மகாதேவ தேசாயும் உடனிருந்தார். ஆறே நாள்களில், ஆகஸ்ட் 15ஆம் நாள், தேசாய் மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 50. இதய நோயால் நலிவுற்ற கஸ்தூரிபாய் அம்மையாரும் 1944 பிப்ரவரி 22ஆம் நாள் அதே மாளிகையில் மறைந்தார். இருவருடைய நினைவிடங்களும் அங்கே உள்ளன.

மாரடைப்பு என்பது யாது? இதயத் தசைக்கு வேண்டிய குருதியை இதயத் தமனிகள் கொண்டு சேர்க்கின்றன. அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. அப்படிவு வெடித்தால், அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைக்கிறது. குருதி கிடைக்காத தசை மடியத் தொடங்குகிறது.

தேசாய் மறைந்த காலத்தில், இந்நோய் யாரை மிகுதியாகத் தாக்கும் என்பது தெளிவாக அறியப்படவில்லை. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் 5,209 பேரின் உடல்நலம் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்டிரால், புகைபிடித்தல், நீரிழிவு ஆகியவை நோய்க்கு வழிவகுக்கும் என்பது விளங்கிற்று. இவற்றை இடர்க் காரணிகள் என்பர். வயதையும் குடும்ப வழியையும் மாற்ற இயலாது; ஏனையவற்றைக் கட்டுப்படுத்த இயலும்.

மெலிந்தவருக்கு இடரில்லை என எண்ணுதல் தவறு. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் ஆகிய இருவரின் அளவுகள் 2004இல் வெளியாயின. உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆயினும் யாஜ்னிக்கின் உடலில் கொழுப்பு 21.2 விழுக்காடு, யட்கினுக்கோ 9.1 விழுக்காடு! ஆகவே, தோற்றத்தை நம்பாது பரிசோதனை செய்துகொள்ளுதல் நன்று.

ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மருத்துவர் தடுப்பு மருந்துகளைத் தருகிறார். ஆஸ்பிரின் குருதி உறைவதைத் தடுக்கிறது. ஸ்டாட்டின் கொலஸ்டிராலைக் குறைக்கிறது. வேறு சில மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைத் தணிக்கின்றன. வலி இல்லையே என்று சிலர் இவற்றைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். வலி வராமல் காப்பதே அம்மருந்துகளின் பணி என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். புகையிலையை அறவே விடுதல், நாள்தோறும் நடத்தல், அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைத்தல் ஆகியனவும் மருந்துக்குத் துணைநிற்கும்.

ஊரிலிருந்து புணே வரும் தாத்தா பாட்டியருக்கு மராத்தியோ ஆங்கிலமோ தெரியாதிருக்கலாம். மருந்துச்சீட்டைப் படித்து, வேளையைத் தமிழில் எழுதிக் கொடுப்பது பேரப்பிள்ளைகள் செய்யத்தக்க உதவியாகும். நெஞ்சு இறுக்கம், இடக்கை வலி, வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால் வாயுத்தொல்லை எனக் காலம் தாழ்த்தாது 108ஐ அழைத்தல் வேண்டும்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
நலிவு – மெலிவு, தளர்ச்சி
இடர் – துன்பம், ஆபத்து

வினாக்கள்
1. மாற்ற இயலாத இடர்க் காரணிகள் இரண்டனை எழுதுக.
2. வலி இல்லாதபோதும் மருந்தை நிறுத்தலாகாது. ஏன்?
3. வீட்டில் முதியோர் உண்ணும் மருந்துகளுக்கு வேளை அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதுக.