இருட்டும் முன்பே செய்ய வேண்டியவை

 

இரவில் உறங்கப் போகும்முன் விளக்கை அணைக்கவும், உணவுப் பாத்திரங்களை மூடி வைக்கவும், தண்ணீர்த் தோல்பையின் வாயைக் கட்டவும், கதவைத் தாழிடவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஓர் எலி விளக்குத் திரியை இழுத்துப் போய் வீட்டையே எரித்துவிடக் கூடும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். ஆபத்து வரும்முன், அன்றாட வேலையோடு வேலையாகச் செய்து வைக்கும் சிறிய ஏற்பாடுகள் இவை. பெருமழையும் நீண்ட மின்தடையும் வந்தால் நம் வீடு மூன்று நாள் தாங்குமா? இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

காயல்பட்டினம் தரும் பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. நம் தேனி மாவட்டத்துக்கு ஏறக்குறைய ஓராண்டில் கிடைக்கும் மழை அங்கே ஒரே நாளில் பெய்துவிட்டது. தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகளும் ரயில் பாதையும் அறுந்தன. தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரண்ட் தனியாகப் போவதில்லை. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி காலியாகிறது. போனில் சார்ஜ் இறங்குகிறது. ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் சூடாகிறது. ஏ.டி.எம். வேலை செய்வதில்லை. நம் வீட்டின் பாதித் தேவைகள் ஒரே கம்பியில் தொங்குகின்றன.

"நமக்குக் கடல் இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், உள்மாவட்டங்களைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலை வரை வந்தது. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்து, சில ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. நம் பள்ளத்தாக்குக்கோ இரு பக்கமும் மலை. ஊரில் தூறல்கூட இல்லாத நேரத்தில், மேலே பெய்த மழை முல்லைப் பெரியாற்றிலும், கொட்டகுடி ஆற்றிலும், வராக நதியிலும், சிற்றோடைகளிலும் திடீரென்று இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாம் விழிப்பாக இருக்க வேண்டிய காலம்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

1. தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் கேன்கள். மழை எச்சரிக்கை வந்ததும் நிரப்பி மூடி வையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் (தலைதட்டிய அளவு) கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

2. மருந்து: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் குறைந்தது ஒரு வார மருந்தைக் கூடுதலாக வைத்திருங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெயிலும் சூடும் படாத இடத்தில் வைக்கலாம். பிரிக்காததை, நீர் புகாத உறையில் கட்டி மண்பானைத் தண்ணீரில் வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும். ஐஸ் கட்டியோடு நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. உங்கள் மருந்துக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

3. வெளிச்சம்: மெழுகுவர்த்தியைவிட டார்ச்சும் சார்ஜ் விளக்கும் பாதுகாப்பானவை. மெழுகுவர்த்தி ஏற்றினால் திரைச்சீலை, கொசுவலை, குழந்தைகள் அருகில் வைக்காதீர்கள், உறங்கும்முன் அணையுங்கள். எலியும் திரியும் பற்றிய எச்சரிக்கை இன்றும் நமக்குப் பொருந்தும்.

4. மின்சாரம்: வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகாமல், மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராண்டாவிலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. உறங்குபவர் எழாமலே போய்விடுவார்.

5. ஒரு பை: ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம், நிக்காஹ் சான்று, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள், கொஞ்சம் ரொக்கம், டார்ச், பவர் பேங்க், அவல், பேரீச்சம்பழம், பிஸ்கட், குழந்தைக்கான பால்பவுடர். எல்லாவற்றையும் நீர் புகாத உறையில் கட்டி, வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். முக்கியமான போன் எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101.

மஹல்லாவில் செய்ய வேண்டியவை

தனியாக இருக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர், ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர் யார் யார் என்று ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்று பார்க்காமல் முதலில் அவர்கள் கதவைத் தட்டுவோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரண்ட் இல்லாமலும் இயங்குமா என்பதை நிர்வாகிகள் மழைக்கு முன்பே சரிபார்ப்பது நல்லது. கடும் மழை நாளில் வீட்டிலேயே தொழுதுகொள்ளும் சலுகை நம் மார்க்கத்தில் உண்டு. வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தைத் தாண்டி ஜமாஅத்துக்கு வர வேண்டுமென்று யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஒரு மணி நேரப் பயிற்சி

இந்த வாரம் ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். (வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.) டார்ச் எங்கே? அத்தாவின் மாத்திரையை இருட்டில் எடுக்க முடிகிறதா? குடத்தில் தண்ணீர் இருக்கிறதா? மாமாவின் போன் எண் யாருக்காவது மனப்பாடமா? தடுமாறிய ஒவ்வொன்றையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் நாளை நீங்கள் கடைக்கு எடுத்துப் போக வேண்டிய பட்டியல்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்ட வேண்டியதைக் கட்டுவோம். மற்றதை அவனிடம் ஒப்படைப்போம். நம் பள்ளத்தாக்கின் எல்லா வீடுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.