அன்னதானத்துக்குக் காய் தரும் தோட்டம்: கோயில், பள்ளிவாசல், தேவாலய வளாகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நந்தவனம் இல்லாத பழைய கோயில் தமிழ்நாட்டில் அபூர்வம். பூந்தோட்டத்துக்கென்றே நிலம் எழுதிவைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அந்த நிலத்தைத் திருநந்தவனப்புறம் என்றார்கள். இன்று பல ஊர்களில் அதே மதில் ஓரத்தில் பார்த்தீனியமும் உடைந்த டியூப்லைட்டும்தான் கிடக்கின்றன. அடுப்பு மட்டும் அணையவில்லை. வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் சோறு போடுகிறார்கள். 2002-ல் அரசு அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியபின் எத்தனையோ கோயில்களில் மதியச் சாப்பாடு அன்றாடக் காரியமாகிவிட்டது. ரமலானில் நோன்புக் கஞ்சி, நெல்லை தூத்துக்குடிப் பக்கச் சபைகளில் அசன விருந்து என்று சமையலுக்குக் குறைவே இல்லை. காய்தான் மார்க்கெட்டிலிருந்து மினி ஆட்டோவில் வருகிறது.

அதில் ஒரு பங்கையாவது வளாகத்திலேயே விளைவிக்க நினைப்பவர்களுக்காக இது.

முதல் படி: சமையற்காரரிடம் பேசுங்கள்

பெரும்பாலானோர் மண்வெட்டியோடு தொடங்குகிறார்கள். அடுப்படியில் தொடங்குவதே சரி. வாரத்தில் என்றைக்கு எத்தனை பேருக்குச் சமையல், எந்தக் காய் ஆகும், எது ஆகாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோயில் மடைப்பள்ளிக்கென்று ஒரு கணக்கு உண்டு. வாழைக்காய், சேனை, பூசணி, புடலை, அவரை, கொத்தவரை எல்லாம் உள்ளே போகும். கேரட், பீன்ஸ், கோஸ் போன்ற ‘இங்கிலீஷ் காய்’ பல இடங்களில் வாசலோடு நின்றுவிடும். வெங்காயம், பூண்டு கிடையாது. சில பெருமாள் கோயில்களில் மிளகாய்க்குப் பதில் இன்றும் மிளகுதான். உள்ளூர்க் காயைச் சாப்பிடுங்கள் என்று இப்போது ஊரெல்லாம் பிரசாரம் செய்கிறோம்; மடைப்பள்ளி அதை விட்டதே இல்லை.

பள்ளிவாசலில் கஞ்சிக்குப் புதினாவும் மல்லியும் வேண்டும். ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருவதால், போன வருடம் நட்ட தேதியிலேயே நட்டால் கணக்கு தவறும். புதினாத் தண்டை நோன்புக்கு இரண்டு மாதம் முன்பும், மல்லியை நாற்பது நாள் முன்பும் போடுங்கள்.

அளவையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. நூறு பேருக்குச் சாம்பாரும் ஒரு பொரியலும் என்றால் 12 முதல் 15 கிலோ காய் ஆகும். ஒரு சென்ட் வெண்டை நன்றாகக் காய்த்தால், பறிப்புக் காலத்தில் நாளுக்குச் சுமார் ஒரு கிலோ தரும். ஆக, ஐந்து சென்டை வைத்துக்கொண்டு அன்னதானம் முழுவதையும் தாங்கிவிடலாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வாரம் ஒரு நாள் கீரை, தினமும் கறிவேப்பிலை, பரிமாற வாழை இலை, இரண்டு நாள் பொரியல்: தொடக்கத்துக்கு இது போதும்.

இரண்டாம் படி: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர், அறங்காவலர் குழு அல்லது தக்கார். பள்ளிவாசலில் முத்தவல்லியும் ஜமாத்தும். தேவாலயத்தில் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும், அல்லது சேகரகுருவும் சேகரக் கமிட்டியும். வாய்ச்சொல் போதாது. செயல் அலுவலரும் குருவானவரும் மாற்றலாகிப் போகிறவர்கள். அடுத்து வருபவர் அந்த இடத்தில் கார் நிறுத்த ஷெட் போட நினைக்கலாம். கூட்டத் தீர்மானமாக மினிட் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். எத்தனை சென்ட், எத்தனை வருடம், விளைச்சல் யாருக்கு, மோட்டார் கரண்ட் பில் யார் தலையில் என்ற நான்கும் அதில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: வெயில், மண், தண்ணீர்

கோபுரமும் மினாராவும் நீண்ட நிழல் போடும். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் நிழல் விளிம்பில் குச்சி நட்டுப் பாருங்கள். ஆறு மணி நேர வெயில் விழும் இடம் காய்க்கு. அரை நிழல் கீரைக்கும் புதினாவுக்கும் சேனைக்கும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மண்ணைத் தொட வேண்டாம், சனம் சாப்பிடாது.

திருப்பணி நடந்த வளாகமாக இருந்தால் ஒரு முழம் தோண்டியதும் சிமெண்ட் கட்டியும் ஓட்டுச் சில்லும் வரும். அங்கே தரையை நம்பாமல், செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, வெளியிலிருந்து வண்டல் மண் கொண்டுவந்து தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். மற்ற இடங்களில் மண்ணையும் போர் தண்ணீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்று முன்கூட்டியே தெரிந்தால் எதை நடக்கூடாது என்பதும் தெரியும்.

பள்ளிவாசல்களுக்கு ஒரு வசதி உண்டு. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்த தண்ணீரில் சோப்பு இல்லை. நாளுக்கு ஐந்து வேளை சாக்கடைக்குப் போகும் அதை, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாக வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். கோயிலில் பாலும் தயிரும் கலந்த அபிஷேகத் தண்ணீரை நேரே செடியில் ஊற்றினால் வாடை அடிக்கும், எறும்பு மொய்க்கும். அதை உரக்குழிக்கு விடுங்கள்.

நான்காம் படி: முதல் பட்டம்

ஆடிப்பட்டத்தில் தொடங்குவது நல்லது, தவறினால் தை. முதல் பட்டத்தில் சீக்கிரம் கைக்கு வருவதையே போடுங்கள், ஆட்களுக்கு உற்சாகம் வரும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கீரை விதை பொடி என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ.; சுமார் 45 நாளில் முதல் பறிப்பு. கத்தரிக்கு இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். வேலியில் அவரையும் புடலையும் ஏறட்டும்.

மதில் ஓரம் முழுக்க வாழை. இலைக்கென்றால் பூவன் நல்லது. இலை அறுக்கிற மரத்தில் பெரிய தாரை எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே இலைக்குத் தனி மரம், தாருக்குத் தனி மரம் என்று பிரித்துவிடுங்கள். அன்னதானக் கூடத்தில் பிளாஸ்டிக் பூசிய தட்டை நிறுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஐந்தாம் படி: மாலைக் கழிவை உரமாக்குங்கள்

வெள்ளிக்கிழமை மாலை எந்த அம்மன் கோயில் பின்கட்டிலும் மாலைகள் குவிந்து கிடக்கும். குவியலைக் கையால் பிரியுங்கள். நைலான் நூல், ஜிகினா, தெர்மாகோல் உருண்டை, குங்குமப் பொட்டலம், கற்பூரத் தாள் எல்லாம் தனியே. வாழைநார் உள்ளேயே இருக்கலாம். பூவை ஓர் அடுக்கு, காய்ந்த சருகை ஓர் அடுக்கு, மேலே சாணக் கரைசல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் மண் வாசனையோடு உரம் தயார். கடைப்பூவில் மருந்து தெளித்திருப்பார்கள், அரைகுறையாக மக்கியதைப் போடாதீர்கள்.

கோசாலை இருந்தால் ஜீவாமிர்தம் செய்யலாம்: 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 200 கிராம் வீதம், ஒரு பிடி தோட்ட மண். நிழலில் வைத்து, நாளுக்கு இரண்டு வேளை கலக்கி, மூன்றாம் நாள் வேரில் ஊற்றுங்கள். பூச்சி வந்தால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சாயங்காலம் தெளியுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர் ஊற்றப் போவது யார்?

தோட்டங்கள் பூச்சியால் அழிவதைவிட ஆளில்லாமல் அழிவதுதான் அதிகம். தொடக்க நாளில் நாற்பது பேர் போட்டோவுக்கு நிற்பார்கள். இரண்டாம் மாதம் செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவரும் இருக்க மாட்டார். திருவிழாவுக்கு மண்டகப்படி பிரிப்பதுபோல் நாளைப் பிரியுங்கள். ஒரு திருத்தத்தோடு: தெருவாரியாகப் பிரித்தால் நம் ஊர்களில் அது சாதிவாரியாகவே முடியும். பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற சிறு குடும்பக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அன்பியத்துக்கு ஒரு கிழமை என்றால் முடிந்தது.

சேவை, கைங்கரியம், ஊழியம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் களை எடுப்பது கூலி வேலைதான். வாரம் இரண்டு நாளாவது தோட்ட வேலை தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுங்கள். வளாகம் பெருக்கும் அம்மாவிடம் ‘இதையும் பார்த்துக்கோங்க’ என்று சும்மா தள்ளிவிடுவது தர்மமே அல்ல.

ஏழாம் படி: போதாததைப் பக்கத்தில் வாங்குங்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிளெசன்ட் ஹோப் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகராக இருந்த ஹீபர் பிரவுன், ஆலய வளாகத்தில் காய்கறித் தோட்டம் போட்டார். அதோடு நிற்காமல், 2015-ல் கறுப்பின விவசாயிகளையும் கறுப்பின ஆலயங்களையும் இணைக்கும் அமைப்பைத் தொடங்கினார். விவசாயி கொண்டுவருவதை ஆலயத்திலேயே சனம் வாங்கும். நமக்கும் இது பொருந்தும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பிரதோஷத்தன்றும் கூட்டம் தானாகச் சேர்கிறது. பக்கத்து ஊர் விவசாயிகள் இரண்டு மூன்று பேருக்கு வாசலில் இடம் கொடுங்கள், வாடகை கேட்காதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைச் சந்தோஷமாகப் பல மடங்கு விலைக்கு எடுக்கிற சபை, மற்ற ஞாயிறுகளில் நியாய விலை கொடுக்கத் தயங்காது.

சமைத்துப் பரிமாறும் இடத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். இன்னும் செய்யவில்லையென்றால் இதோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

எட்டாம் படி: விதை எடுங்கள்

ஒவ்வொரு காயிலும் நல்ல செடி இரண்டைச் சிவப்புத் துணி கட்டி விட்டுவிடுங்கள், அதில் யாரும் பறிக்கக் கூடாது. முற்றிய வெண்டையும் அவரையும் செடியிலேயே காயட்டும். விதையைச் சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். ஹைபிரிட் விதையில் இது நடக்காது, முதலிலேயே நாட்டு விதையாக வாங்கியிருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை இரண்டு கிலோ கொடுத்து, மறுவருடம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கினார். அதே கணக்கில், வளாகத்துக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு பிடி விதை கொடுங்கள். அடுத்த ஆடியில் இரண்டு பிடி வாங்குங்கள். யார் எதை வாங்கிப்போனார் என்று எழுத உண்டியல் கணக்கு நோட்டு வேண்டாம், தனி நோட்டு போடுங்கள்.