தென்னையின் இரு பகைவர்

தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று அழைப்பது நம் வழக்கம். பிள்ளையைப் போல் பேணி வளர்த்தால் காயும் கீற்றும் கயிறும் விறகும் தந்து குடும்பத்தையே தாங்கும் மரம் அது. அத்தகைய மரத்தை நம் கட்டைவிரல் அளவேயுள்ள இரண்டு வண்டுகள் சாய்த்துவிடுகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவ்விரு வண்டுகளின் வாழ்க்கையையும், ஒன்று மற்றொன்றுக்கு வழி திறந்துவிடும் விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே ஒரு குருத்து

வேம்பின் கிளையை வெட்டினால் பக்கத்தில் வேறு கிளை துளிர்க்கிறது. பட்டையில் காயம் பட்டாலும் புதுத் திசு வளர்ந்து நாளடைவில் அதை மூடிவிடுகிறது. தென்னை அப்படிப்பட்டதன்று. அது புல்லையும் நெல்லையும் போல ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் பட்ட காயம் ஆறி மூடுவதில்லை. மேலும், அதற்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான் உண்டு. அங்கிருந்து மாதத்திற்குச் சுமார் ஒரு மட்டை வீதம் வெளிவருகிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றுகிறது. அந்த வளர்முனை அழிந்தால் மரமும் அழிந்தது என்றே பொருள். தென்னையின் உயிர்நிலை இதுவே. இரு பகைவராலும் இறுதியில் கேடுறுவது இந்தக் கொண்டைப் பகுதியே.

முதல் பகைவன்: காண்டாமிருக வண்டு

தலையில் ஒரு கொம்பு இருப்பதால் இவ்வண்டுக்கு இப்பெயர் வந்தது. உடல் கறுத்துப் பளபளப்பாக இருக்கும். ஆண் வண்டின் கொம்பு பெண் வண்டின் கொம்பைவிட நீளமானது. பகலில் மறைந்திருந்து, இரவில் பறந்து சென்று, விரியாத குருத்தைத் துளைத்து உட்புகும். நாரை மென்று சாற்றைக் குடித்துவிட்டு, சக்கையை வெளியே தள்ளும்.

காகிதத்தைப் பல மடிப்பாக மடித்துக் கத்தரிக்கோலால் ஓரிடத்தில் வெட்டி விரித்துப் பாருங்கள். ஒரு வெட்டு பல வெட்டுகளாகத் தெரியும். குருத்தும் மடித்த விசிறி போன்றதே. வண்டு ஓரிடத்தில் துளைத்தாலும், ஓலை விரியும்போது இருபுறமும் கத்தரித்தாற்போல் வரிசையாக வெட்டுகள் தோன்றும். வண்டு பாளையைத் துளைத்தால் அந்தக் குலையின் காய்ப்பும் போய்விடும்.

ஆனால், இவ்வண்டு பிறப்பது மரத்திலன்று! பெண் வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும், மட்கிய குப்பையிலும், வெட்டிப்போட்டு அழுகிக் கிடக்கும் தென்னங்கட்டையிலும்தான். முட்டையிலிருந்து வரும் வெண்ணிறப் புழு வளைந்து கிடக்கும். மூன்று முதல் ஆறு மாதம் வரை மட்கை உண்டு கொழுத்து, பின் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, இறுதியில் வண்டாகிப் பறக்கிறது.

இரண்டாம் பகைவன்: சிவப்புக் கூன்வண்டு

இது செம்பழுப்பு நிறமுடையது; முகத்தில் வளைந்த நீண்ட மூக்குண்டு. காயம் பட்ட தென்னையிலிருந்து கசியும் சாற்றின் மணம் இதை அழைத்து வருகிறது. காண்டாமிருக வண்டு குடைந்த துளையோ, பச்சை மட்டையை வெட்டிய புண்ணோ, மரமேறுவதற்காகத் தண்டில் கொத்திய படியோ, எதுவாயினும் அதற்குப் போதும். அங்கே முட்டையிட்டுவிடும்.

கால்களற்ற அதன் புழுக்கள் தண்டின் மென்மையான உட்பகுதியைக் குடைந்து தின்னும். புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் மரத்துக்குள்ளேயே கழிவதால் வெளியே ஒன்றும் தெரியாது. தண்டில் துளைகளும், அவற்றின் வழியே மென்ற நாரும், பழுப்பு நிறச் சாறும் வெளிப்படும்போதுதான் ஐயம் எழும். தண்டில் காது வைத்துக் கேட்டால் சில வேளை புழுக்கள் கறுக்கும் ஓசைகூடக் கேட்கும். கடைசியில் நடுக்குருத்து வாடி, கொண்டையே ஒடிந்து விழும். முதல் வண்டு தாக்கியும் பிழைத்த மரம், அது விட்டுச்சென்ற புண்ணால் இரண்டாம் வண்டுக்கு இரையாகிறது.

கடல் கடந்த பகை

காண்டாமிருக வண்டு தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்வது. 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு அது பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவுக்குத் தெரியாமல் சென்று சேர்ந்தது. தென்னையையே நம்பி வாழும் தீவு மக்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். 1963-இல் ஜெர்மானிய அறிஞர் ஹூகர் என்பவர் மலேசியாவில் இவ்வண்டின் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரசைக் கண்டறிந்தார். 1967-இல் அதைச் சமோவாவில் பரப்பவே, வண்டுகள் வெகுவாகக் குறைந்தன. எனினும், 2007-இல் குவாம் தீவில் காணப்பட்ட வண்டு வகையிடம் அந்த வைரஸ் பலிக்கவில்லை. ஆகவே, ஒரு மருந்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பது தெளிவாகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. எருக்குழியை அவ்வப்போது கிளறிவிட்டு, வெண்புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும்.
2. பட்டுப்போன மரத்தையும் அடிக்கட்டையையும் தோட்டத்தில் அழுகவிடாமல் அகற்ற வேண்டும்.
3. குருத்தின் துளையில் வண்டு இருந்தால், மரமேறுபவர் நுனி வளைந்த இரும்புக் கம்பியால் குத்தி எடுத்துவிடலாம்.
4. ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரு பங்கு மணல் கலந்து, குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் அடியில் இடலாம்.
5. பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல், சுமார் 4 அடி விட்டு வெட்ட வேண்டும். தண்டில் படி கொத்தலாகாது.

இவற்றுள் முதல் இரண்டிற்கும் மரம் ஏறவும் வேண்டாம், பணமும் வேண்டாம். விடுமுறை நாளில் நாமே வீட்டாருடன் சேர்ந்து செய்யலாம். ஆனால், நம் எருக்குழி மட்டும் தூய்மையாக இருந்து பயனில்லை. அடுத்த வீட்டுக் குப்பையில் பிறந்த வண்டு வேலி பார்த்துப் பறப்பதில்லை. தெருவார் அனைவரும் கூடிச் செய்தால்தான் ஊரிலுள்ள தென்னைகள் பிழைக்கும்.

தென்னைக்கு உயரம் உண்டு, உறுதி உண்டு, பல்லாண்டு ஆயுளும் உண்டு. இல்லாதது தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் ஒன்றுதான். ஆதலால் தோழியரே, அதற்குப் புண் நேராமல் காப்பது அதன் நிழலில் வாழும் நம் கடமையாகும்.