கடனை மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியைத் திறக்காமலே ஏலம் எடுப்பார்கள். முத்து கிடைப்பது எடுத்தவர் அதிர்ஷ்டம். கடைப் பத்திரத்தின் மேல் வாங்கிய கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது, வியாபாரிகள் அப்படி அதிர்ஷ்டத்தை நம்பக்கூடாது.

உதாரணமாக, பாக்கி 20 லட்சம் ரூபாய். வட்டி 11 சதவீதம். இன்னும் 10 ஆண்டு. மாதத் தவணை சுமார் 27,550 ரூபாய். "10 சதவீதத்துக்கு மாற்றித் தருகிறேன், தவணை 21,500தான்" என்பார் தரகர். மாதம் 6,000 ரூபாய் மிச்சம்போலத் தோன்றும். ஆனால் காலம் 15 ஆண்டாகியிருக்கும். மொத்தத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவோம். அதே 10 ஆண்டுக்கே மாற்றினால் தவணை 26,430. மாதம் 1,120 மிச்சம். மாற்றும் செலவு 40,000 என்றால், அதை எடுக்கவே மூன்று ஆண்டு ஆகும்.

ஆகவே தரகரிடம் கேட்க வேண்டியவை:

1. மொத்தம் எத்தனை மாதம்?
2. பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், பதிவுச் செலவு சேர்த்து எவ்வளவு?
3. அவருக்குக் கமிஷன் கொடுப்பது யார்?

தனிநபர் பெயரில் 1.1.2026 முதல் அனுமதித்த மாறும் வட்டி வியாபாரக் கடனை முன்கூட்டி அடைத்தால் வணிக வங்கிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பழைய கடனுக்கு ஒப்பந்தத்தைப் பாருங்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த முக்கிய விவர அறிக்கையை வங்கியிடமே வாங்கிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.