ரப்பர் வளையத்தைத் தலைகீழாக மாட்டியது யார்?

பொருள் பழுதாகித் திரும்பி வந்தால் கம்பெனியில் ஓர் அறிக்கை எழுதுவார்கள். அதில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மலேசியாவின் பேரா மாநிலத்தில், லகாட்டின் பெங்காலான் தொழிற்பேட்டையில் நான் லைன் லீடராக இருந்த காலத்தில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் விழும்: ஆப்பரேட்டர் கவனக்குறைவு. அடுத்த கட்டத்தில் 'தீர்வு': மறுபயிற்சி. இரண்டையும் எழுத ஐந்து நிமிஷம் போதும், சல்லிக்காசு செலவில்லை. அதனால்தான் எழுதினார்கள் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எங்கள் லைனில் உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர் பூசிங், பத்து காஜா, மெங்லெம்பு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் நம் பெண்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்த குடும்பங்கள். 1985 அக்டோபரில் வெள்ளீய விலை விழுந்து சுரங்கங்கள் மூடியபின் ஆண்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. மீதிப் பேர் நேப்பாளம், பங்களாதேஷ். ஒட்டி வைத்திருக்கும் வேலைக் குறிப்பு மலாயிலும் இங்கிலீஷிலும் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் படிப்பார், தெரியாதவர் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துச் செய்வார். எந்தத் தொழிற்சாலையிலும் இதுதான் நிலைமை. டிராயிங் போடுகிறவர்கள் இந்த லைனைத்தான் மனசில் வைத்துப் போட வேண்டும்.

நாங்கள் செய்தது ஆட்டோ கேட் மோட்டாருக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. வீட்டு மதிலில் வெளியே மாட்டுவது. நம் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அடிப்பெட்டி, உள்ளே சர்க்யூட் போர்டு, மேல் மூடி, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அந்த வளையம்தான் எங்கள் தலையில் விழுந்தது.

உள்ளங்கை அளவு நீள்சதுரம். ஒரு பக்கம் தட்டை. மறு பக்கம் ஓரம் முழுக்க இரண்டு மெல்லிய வரப்புகள். வரப்பு மேலே மூடியைப் பார்த்து இருந்தால் நன்றாக அழுந்தி அடைக்கும். தலைகீழாக வைத்தாலும் பள்ளத்தில் அழகாக உட்காரும், மூடி மூடும், ஸ்குரூ ஏறும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வரப்பின் உயரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வளையமும் கறுப்பு, பெட்டியும் கறுப்பு. விரலில் உறை போட்டுக்கொண்டு, ராத்திரி ஷிப்டில், இருபது வினாடிக்கு ஒரு பெட்டி என்று ஓடும்போது அது எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

சோதனையில் பிடிபட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் பெட்டி ஐபி65 தரம். அப்படியென்றால் தூசி புகக்கூடாது, குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரும் புகக்கூடாது. அந்தச் சோதனையை எல்லாப் பெட்டிக்கும் செய்ய மாட்டார்கள், ஒவ்வொரு லாட்டிலும் சிலதை எடுத்துத்தான் பீய்ச்சுவார்கள். மேலும் புது ரப்பர் தலைகீழாக இருந்தாலும் அன்றைக்குத் தாங்கிவிடும். வெயிலிலும் மழையிலும் மாசக்கணக்கில் அழுந்திக் கிடந்து ரப்பர் தளர்ந்த பிறகுதான் கசியும். திரும்பி வந்த பெட்டிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே எறும்புக் கூடு, செம்பு முழுக்கப் பச்சைப் பூஞ்சை மாதிரிக் களிம்பு, மூலையில் சேறு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முதல் லாட் ஓடும்போதே நான் சொன்னேன். டிராயிங் போட்டவர் பினாங்கிலிருந்து வந்திருந்தார். நம் பையன்தான்.

"தம்பி, இது ரெண்டு பக்கமும் உக்காருது. மாறிப்போகும்."

"டிராயிங்ல தெளிவாப் போட்டிருக்கேன்க்கா. வரப்பு மேலதான்."

"டிராயிங் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. இங்க ரப்பர் மட்டுந்தான் இருக்கு."

சிரித்துவிட்டுப் போனார். சரி என்று நானே ஒரு காரியம் செய்தேன். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய வெள்ளை மார்க்கரால் வளையத்தின் வரப்புப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூடுவதற்கு முன் புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் ஷிப்டில் மூடிய பெட்டிகளில் தலைகீழ் வளையம் வரவில்லை. வந்தது எச்சரிக்கைக் கடிதம். அனுமதியில்லாமல் செயல்முறையை மாற்றினேனாம், மார்க்கர் மையால் ரப்பர் கெடுமா என்று சோதிக்கவில்லையாம். இரண்டாவது கேள்வி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சோதிக்க வேண்டியவர்கள் யார்? புள்ளியை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். பிறகு பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கியபோது எங்கள் பெண்களை வரிசையாக நிற்க வைத்து மறுபயிற்சிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பேரா வெயிலில் மதிலேறிப் பெட்டியைக் கழற்றிய கேட்காரர்கள் யாரைத் திட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பின்னாளில் வேறு கம்பெனி அனுப்பிய ஒரு பயிற்சியில்தான் தெரிந்தது, நான் வாய்வார்த்தையாகச் சொன்னதை ஜெஃப்ரி பூத்ராய்ட் என்பவர் 1980களிலேயே அமெரிக்காவில் கணக்குப் போட்டு எழுதிவைத்திருக்கிறார் என்று. ஒரு பாகத்தை எடுத்துத் திருப்பிச் சரியாகப் பொருத்தக் கைக்கு எத்தனை வினாடி ஆகும் என்பதைப் பாகத்தின் உருவத்தை வைத்தே சொல்லலாம். அவரும் அவரோடு சேர்ந்து எழுதிய டியூஹர்ஸ்ட்டும் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்: பாகம் எப்படி வைத்தாலும் சரியாக இருக்கும்படி முழுச் சமச்சீராக இருக்கட்டும். முடியாவிட்டால் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி கோணலாக இருக்கட்டும். நடுவில் நின்று ஏமாற்றும் பாகம்தான் ஆபத்து. இதற்காக இருவருக்கும் 1991-ல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. எனக்குக் கடிதம் கிடைத்தது.

ஜப்பானில் ஷிங்கோ ஷிகேயோ என்பவர் 1961-ல் யமாடா எலக்ட்ரிக் தொழிற்சாலையில் பார்த்ததும் இதே கதை. சின்ன சுவிட்ச், அதற்குள் இரண்டு ஸ்பிரிங். தொழிலாளர்கள் சில நேரம் ஒன்றைப் போட மறந்துவிடுவார்கள். முதலாளிகள் 'கவனமாக இரு' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஷிங்கோ ஒரு சின்னத் தட்டை வைத்தார். முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் தட்டில் எடுத்து வை, பிறகு மாட்டு. தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் மறந்துவிட்டாய் என்று கண்ணுக்கே தெரியும். யாரையும் வரிசையில் நிற்க வைக்கவில்லை.

தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மாவுக்கு இதெல்லாம் பாடமே தேவையில்லை. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கைத் தாங்கும் கம்பி வளையத்தை நினைத்துப் பாருங்கள். திருகு கிடையாது. மங்கு வட்டம், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உட்காரும். விடியுமுன்னே நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு கையில் கத்தியோடு, மறு கையால் வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். அதைச் செய்தவன் இருட்டில் வேலை செய்கிறவரைப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறான்.

கடைசியில் என்ன செய்தார்கள்? வளையத்துக்கு மட்டும் புது அச்சு, இரண்டு பக்கமும் சம உயரத்தில் சின்ன வரப்பு. பெட்டியின் அச்சைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ரப்பர் வளையத்தின் அச்சு, பிளாஸ்டிக் பெட்டி அச்சோடு பார்த்தால் மலிவு. திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்துத் துடைத்து ஓவர்டைம் போட்டு ரீவொர்க் செய்த செலவில் அதைப் போல எத்தனையோ செய்திருக்கலாம். அந்த மாற்றத்துக்கான பாராட்டுச் சான்றிதழ் பினாங்குத் தம்பிக்குப் போனது. எனக்கு ஸ்டோருக்கு மாற்றல்.

டிராயிங் போடும்போது பார்க்க வேண்டிய மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பிளாஸ்டிக் சுவர் எல்லா இடமும் ஒரே தடிமனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தடித்த இடத்தில் குழி விழும். அச்சிலிருந்து கழன்று வரச் சுவருக்குச் சின்னச் சாய்வு கொடுங்கள். முதல் அச்சு வெட்டும்போது சந்தேகமான அளவுகளில் இரும்பை மிச்சம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். பிறகு இரும்பைச் செதுக்குவது எளிது, வெல்டு வைத்து நிரப்புவது பாடு. எல்லாப் பாகமும் மேலிருந்து கீழே ஒரே திசையில் இறங்கட்டும். பெட்டியை நடுவில் கவிழ்க்க வைத்தால் உள்ளே இருப்பது கொட்டும்.

சால்டரிங் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து தோண்டிய வெள்ளீயம்தான் ஒரு காலத்தில் உலகத்துக்கே போனது. சால்டர் கம்பியில் பெரும்பகுதி அதுதான். 2006 ஜூலை முதல் ஐரோப்பாவுக்குப் போகும் சாமான்களில் காரீயம் கூடாது என்று சட்டம் வந்ததும், 183 டிகிரியில் உருகிய சால்டர் போய் 217 டிகிரிக்கு மேல் உருகும் சால்டர் வந்தது. போர்டில் பெரிய செம்புத் தகட்டோடு நேராக ஒட்டிய கால் என்றால், எவ்வளவு சூடு வைத்தாலும் தகடு உறிஞ்சிக்கொள்ளும், சால்டர் துளைக்குள் ஏறாது. அந்தக் காலைச் சுற்றி நான்கு மெல்லிய பாலம் மட்டும் விட்டு மீதிச் செம்பை எடுத்துவிட்டால் சூடு நிற்கும். டிராயிங்கில் ஒரு தட்டு தட்டினால் முடிகிற விஷயம். இதற்கும் எங்கள் பெண்களுக்குத்தான் 'சால்டரிங் திறன் போதாது' என்று எழுதினார்கள்.

ஸ்குரூவுக்கு வருவோம். எங்கள் பெட்டியில் நான்கு வகை ஸ்குரூ. ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனி பிட், மாற்றிப் போட்டால் நீளமானது போர்டைக் குத்தும். பூத்ராய்டின் மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பாகம் மற்றதோடு ஒப்பிட அசைய வேண்டுமா? வேறு பொருளால் ஆக வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றதை மாட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பாகமே வேண்டாம், பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். எங்கள் போர்டைத் தாங்கிய தகர பிராக்கெட் மூன்றிலும் தோற்றது. அதோடு இரண்டு வகை ஸ்குரூவும் போயிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் கொக்கி போட்டு மூடிவிடலாம் என்று வெறி பிடித்து அலையாதீர்கள். 1983-ல் வந்த ஸ்வாட்ச் கைக்கடிகாரம் 51 பாகத்தில் முடிந்தது, பெரிய சாதனை, ஆனால் பழுதானால் திறக்க முடியாது. கைக்கடிகாரத்துக்கு அது சரி. ஆட்டோ கேட் பெட்டியை ஏணியில் நின்று ஒருவர் திறந்து போர்டு மாற்ற வேண்டும், மூடிக்கு ஸ்குரூ வேண்டும். ஒரே வகை ஸ்குரூ, கழன்றாலும் மூடியிலேயே தொங்கி நிற்கிற மாதிரி.

1985-ல் ஐபிஎம் கொண்டுவந்த புரோபிரிண்டர் அச்சுப்பொறியை ரோபோ பூட்ட வேண்டும் என்பதற்காகவே பாகங்களைக் குறைத்து, ஸ்குரூவை ஒழித்து, எல்லாம் தானாகக் கவ்வும்படி வடிவமைத்தார்கள். செய்து முடித்துப் பார்த்தால் மனிதக் கையாலேயே சுலபமாகப் பூட்ட முடிந்தது, அத்தனை ரோபோ தேவையே இல்லை. ரோபோவிடம் 'கவனமாக இரு' என்று சொல்ல முடியாதல்லவா, அதனால் யோசித்தார்கள்.

இப்போது மெங்லெம்புவில் ஒரு சின்ன அச்சுப் பட்டறையில் இருக்கிறேன். புது டிராயிங் வந்தால் முதலில் மாதிரிப் பாகத்தை அச்சடித்து, விரல் உறை போட்டு, லைட்டைப் பாதியாகக் குறைத்து, டிராயிங் போட்டவரையே உட்கார வைத்துப் பூட்டச் சொல்கிறோம். அரை மணி நேரம் போதும். பெரும்பாலும் பத்தாவது பெட்டிக்குள் தாங்களே பென்சில் எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். உட்கார மாட்டேன் என்கிறவரின் டிராயிங்குக்கு அச்சு வெட்டுவதில்லை என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இதுவரை மறுக்கவில்லை.