‘ஓகி’ என்று காதில் விழுந்தால் தேதியைக் கேளுங்கள்

ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் சென்னைக் குழுவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிரிட்ஜ் எஞ்சினியராகத்தான் நீங்களும் இருப்பீர்கள். வேறு யார் இதைப் படிக்கப்போகிறார்கள்? அதனால் அரிச்சுவடியை ஓட்டமாக முடித்துவிடுகிறேன். ‘மின்னா நோ நிஹோங்கோ’ 11ஆம் பாடத்தில் இருப்பதுதான்: முதலில் காலம், பிறகு ‘நி’, பிறகு எத்தனை முறை. வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்க ‘ஷூ நி நன்காய்’. ‘நன்தோ’வும் உண்டு; ஆனால் வெப்பம் எத்தனை டிகிரி என்பதற்கும் அதுவே வரும். வெறும் ‘தோனோ குராய்’ என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு நாள் என்று பதில் வரக்கூடும். ‘ஹிந்தோ’ சேர்த்தால் தெளிவு, கூடவே கொஞ்சம் அலுவலக வாடை. சக ஊழியரிடம் ‘யோகு இகிமாஸ் கா’, அடிக்கடி போவீர்களா, போதும்.

என்னைக் கவிழ்த்தது ‘ஓகி’. நம்முடைய ‘விட்டு’தான் அது. ‘இச்சினிச்சி ஓகி’ என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். ‘ஃபுத்சுகா ஓகி’ என்றால் நடுவில் இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள். ஆனால் ‘ஹச்சி ஜிகான் ஓகி’ என்று மணிக்கணக்கு வந்தால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ‘ஜுப்புன் ஓகி’ ரயில் 10 நிமிஷத்துக்கு ஒன்று. நாளுக்கு ஒரு கணக்கு, மணிக்கு ஒரு கணக்கு. வாரம் இரண்டுங்கெட்டான்.

வாடிக்கையாளர் அறிக்கையை ‘இஷ்ஷூகான் ஓகி நி’ கேட்டார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அனுப்பினேன். அவர் மனசில் இருந்தது வாராவாரம். முதல் மாதம் முடிவதற்குள் புகார் மேலிடத்துக்குப் போய்விட்டது. எங்கள் குழுத் தலைவருக்கு ‘அரிகாதோ’ தாண்டி ஒரு சொல் தெரியாது. அவர் எல்லோர் முன்னாலும், “பாஷை தெரிஞ்சவன்னு உன்னைப் போட்டா, வாரம் எண்ணத் தெரியலையேப்பா” என்றார். அந்த வருஷத்து ஆன்சைட் இன்னொருவருக்குப் போனது. பிறகு டோக்கியோக்காரர்கள் இருவரிடம் தனித்தனியாக விசாரித்தேன். ஒருவர் வாராவாரம் என்றார். மற்றவர் என் கட்சி. ஜப்பானியர்களே இந்தச் சொல்லில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று தலைவருக்கு விளக்கி மெயில் போட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

இப்போதெல்லாம் ‘ஓகி’ வந்த உடனே மறித்துவிடுகிறேன்: ‘மைஷூ’வா, ‘காகுஷூ’வா? முன்னது வாராவாரம், பின்னது வாரம் விட்டு வாரம். இரண்டுக்கும் வேறு பொருள் கிடையாது. அதோடு, அடுத்தது எந்தத் தேதி, அதற்கடுத்தது எந்தத் தேதி என்று இரண்டையும் வாங்கி, கூட்டம் முடிந்ததும் எழுத்தில் அனுப்பிவிடுவேன். ஒரே தேதி வாங்கினால் பிரயோஜனமில்லை. திரும்பக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பது நம் ஆட்களின் பயம். அங்கே அதற்குப் பெயர் ‘காகுனின்’; கேட்காமல் விட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

மருந்துக்கும் இதே எச்சரிக்கை. உறையில் ‘ஷொக்கான்’ என்றிருந்தால் சாப்பாட்டின் நடுவில் விழுங்கச் சொல்கிறார்கள் என்று தோன்றும். அப்படியல்ல. இரண்டு வேளை உணவுக்கு இடையே, சாப்பிட்டுச் சுமார் 2 மணி நேரம் கழித்து. கவுன்ட்டரிலேயே ‘நன்ஜி’, எத்தனை மணிக்கு, என்று கேட்டு உறைமேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.