எஞ்சின் பிளாக்கின் சுவர்த் தடிப்பு

மோட்டார் எஞ்சினுக்கு உடலாக அமைவது சிலிண்டர் பிளாக். காரை உற்பத்தி செய்த கம்பெனியின் பிளாக்கை விடுத்து, பிற வார்ப்படச்சாலைகள் தடித்த சுவர்களுடன் வார்த்து விற்கும் பிளாக்கைக் கொண்டு தனி எஞ்சின் அமைப்போர் அமெரிக்காவில் பலர். அத்தகைய பிளாக்கைச் சோதிக்கும் முறையை ஈண்டு நோக்குவோம்.

தடித்த சுவர் ஏன் வேண்டும்? 1955-இல் வெளிவந்த செவ்ரோலே எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே 111.76 மி.மீ. தூரம், துளையின் விட்டம் 95.25 மி.மீ. ஆகவே இரு துளைகளுக்கிடையே சுமார் 16.5 மி.மீ. இடமிருந்தது. 1970-இல் அதே இனத்து எஞ்சின் ஒன்றில் விட்டம் 104.8 மி.மீ. ஆயிற்று, மையத் தூரம் மாறவில்லை. இடைவெளி 7 மி.மீ. ஆகக் குறைந்தது. ஆற்றலைப் பெருக்கத் துளையை விரிக்குந்தோறும் சுவரில் மிச்சம் குறைகிறது.

சிலிண்டரைச் சூழ்ந்த நீர்வழி, அச்சினுள் வைக்கப்படும் மணற்கருவால் உண்டாவது. உருகிய இரும்பை ஊற்றுகையில் இக்கரு 1 மி.மீ. நகருமாயின், 6 மி.மீ. இருக்கவேண்டிய சுவர் ஒருபுறம் 7, மறுபுறம் 5 மி.மீ. ஆகிவிடும். சராசரி 6 தான். எனினும் வெடிப்பு மெலிந்த பக்கத்திலேயே தோன்றும். பிஸ்டன் அழுத்தும் பக்கம் அதுவாயின் கேடு மிகும்.

இக்குறை கண்ணுக்குப் புலப்படாது. செவிக்கெட்டாத நுண்ணொலியைச் சுவரினுள் செலுத்தி, அது எதிரொலித்து மீளும் நேரத்தைக் கொண்டு தடிப்பை அளப்பர். ஆனால் ஒலியின் வேகம் எஃகில் விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர். வார்ப்பிரும்பிலோ கிராஃபைட் செதில்களின் காரணமாகக் குறைவு. அதுவும் வார்ப்புக்கு வார்ப்பு வேறுபடும். ஓர் இரும்பில் அவ்வேகம் 4,900 எனக் கொள்வோம். எஃகுக்கென அமைத்த கருவி, அதன் 5 மி.மீ. சுவரை 6 மி.மீ. எனக் காட்டும். பழுதான பிளாக் நல்லதெனத் தேறிவிடும். ஆதலால் அதே இரும்பில் தடிப்புத் தெரிந்த ஒரு பகுதியைக் கொண்டு கருவியை முதலில் சரிசெய்தல் இன்றியமையாதது.

பின்னர் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில் நான்கு பக்கமும் அளத்தல் வேண்டும். எட்டுச் சிலிண்டருக்கு 96 அளவுகள். இவற்றுள் மிகச் சிறியதையே கணக்கிற்கு எடுத்துக்கொள்ளவேண்டும். அடுத்து நீர்வழியை அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, பிளாக்கை நீரில் அமிழ்த்தினால், நுண்துளைகள் குமிழிகளால் வெளிப்படும்.

இச்சோதனைகள் யாவும் துளையைக் கடைவதற்கு முன்னரே முடிதல் வேண்டும். கடைந்து எடுத்த இரும்பை மீண்டும் சுவரில் சேர்க்க இயலாது; செலவழித்த கூலியும் திரும்பாது.